‘ஓசி’ என்று சொன்னது யார்?



2025 நவம்பர் 16, பொதுக்காலத்தின் 33-ஆம் ஞாயிறு. அன்றைய இரண்டாம் வாசகம் புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம். உழைக்க மனமில்லாதவருக்கு உணவும் வேண்டாம் என்று திருத்தூதர் கண்டிப்போடு பேசுகிற பகுதி. அதற்கு இரண்டு நாள் முன்புதான் பீகார் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வந்திருந்தன. தேர்தலுக்கு முன்பாக அங்கே இலட்சக்கணக்கான பெண்களின் வங்கிக் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் போடப்பட்டதே, அதுதான் வெற்றிக்குக் காரணமா என்று தொலைக்காட்சியில் ஓயாத விவாதம். வாசகமும் செய்தியும் ஒன்றோடொன்று பொருந்துவதுபோல் நமக்குத் தோன்றியது. மறையுரைக்கு வேறு தேட வேண்டியதில்லை என்று மகிழ்ந்தோம்.

"ஓசி அரிசி, ஓசி பஸ், ஓசிப் பணம் என்று பழகிவிட்ட சமுதாயம் எப்படி முன்னேறும்?" என்று பீடத்திலிருந்து கேட்டோம். கோவிலில் நல்ல சிரிப்பு. ஆண்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். மறையுரை எடுபட்டது என்ற நிறைவோடு விசுவாச அறிக்கையைத் தொடங்கினோம்.

திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துவிட்டு வெளியே வந்தபோது, கெபியருகே ஓர் அம்மா காத்திருந்தார். கணவரை இழந்தவர். விடியற்காலையில் மொத்தச் சந்தைக்குப் போய்க் கீரைக்கட்டு வாங்கி வந்து, தெருத்தெருவாக விற்றுப் பிழைப்பவர். நம்மைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

"சாமி, தோஸ்திரம். நீங்க சொன்ன அந்த ஓசி பஸ்ஸுலதான் நான் பூசைக்கு வந்தேன்" என்றார்.

நமக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உங்களைச் சொல்லலம்மா" என்றோம்.

"அது தெரியும் சாமி. யாரைச் சொன்னீங்கன்னுதான் வழியெல்லாம் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குரலில் கோபமில்லை. அதுதான் நம்மை அதிகம் உறுத்தியது.

அன்று மதியம் அறிவிப்புப் பலகையைக் கடந்து போகும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த ஞாயிறே உலக வறியோர் நாள்! திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தி, 2017 முதல் திருச்சபை முழுவதும் பொதுக்காலத்தின் 33-ஆம் ஞாயிறன்று கொண்டாடி வரும் நாள். அறிவிப்பை எழுதி ஒட்டச் சொன்னதும் நாம்தான். மறையுரை ஆற்றியதும் நாம்தான்.

குருமடத்தில் நாம் இறையியல் பயின்ற 1990-களில் ஒரு பாடம் புதிதாகச் சூடு பிடித்திருந்தது. 1993-இல் திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு, ‘திருச்சபையில் விவிலிய விளக்கம்’ என்ற ஆவணத்தை வெளியிட்டது. விவிலியத்தைப் படிக்கும் முறைகளை ஒவ்வொன்றாக எடைபோட்ட அந்த ஆவணம், பேச்சுக்கலை வழியிலான ஆய்வையும் அவற்றில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு பேச்சிலும் பேசுகிறவர் ஒருவர், பேச்சு ஒன்று, கேட்கிறவர்கள் சிலர் உண்டு. யார் பேசுகிறார்? யாரிடம்? அவர்கள் மனத்தை எந்தப் பக்கம் திருப்பப் பார்க்கிறார்? அதற்காக எந்தச் சொல்லை எடுத்தார், எந்தச் சொல்லை விட்டார்? இக்கேள்விகளைத் திருமுகங்களிடமும் இறைவாக்கினரிடமும் கேட்கக் கற்றோம். தேர்வும் எழுதித் தேறினோம். நம் வாயிலிருந்து வருகிற பேச்சிடம் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று எந்தப் பேராசிரியரும் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருக்கலாம், நாம் குறிப்பெடுக்காமல் விட்டிருப்போம்.

அன்று மாலை நம் மறையுரையின் அந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

‘சமுதாயம்’ என்றோம். அந்தச் சொல்லைக் கேட்ட யாரும் அதில் தம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை, ஆகவேதான் சிரிக்க முடிந்தது. சேர்த்துக்கொண்டவர் சிரிக்கவில்லை, கெபியருகே காத்திருந்தார். பவுலின் சொற்களிலோ ‘உழைக்க மனமில்லாதவர்’ என்று இருக்கிறது. ‘மனமில்லாதவர்’ என்ற அந்தச் சொல்லை நாம் மெல்ல நழுவவிட்டோம். வேலை கிடைக்காதவர், வேலை செய்தும் வயிறு நிறையாதவர், உடல் ஒத்துழைக்காதவர் எல்லாரும் அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்து குற்றவாளிக் கூண்டில் நின்றுவிட்டார்கள். மேலும், பவுல் அங்கே ஏழைகளைப் பற்றிப் பேசவேயில்லை. ஆண்டவருடைய நாள் வந்துவிட்டது என்ற கலக்கம் தெசலோனிக்காவில் பரவியிருந்ததை அதே திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். வேலையை விட்டுவிட்டு அடுத்தவர் காரியத்தில் தலையிட்டுத் திரிந்த சிலரை, சபைக்குள்ளேயே இருந்தவர்களை, அவர்கள் முகத்துக்கு நேராகத் திருத்தூதர் கண்டித்தார். நாம் அந்தச் சொல்லை எடுத்து, கோவிலுக்கு வெளியே இருப்பதாக நாம் எண்ணிக்கொண்டவர்கள் மீது வீசினோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ‘ஓசி’. கம்பெனி ஆட்சியில் அரசாங்கக் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாது, அவற்றின் மேலிருந்த ஆங்கில எழுத்துகள்தாம் இப்படித் தமிழில் ஒட்டிக்கொண்டன என்று சொல்வார்கள். அது உண்மையானால் முதல் ஓசி ஆட்சியாளருடையது! இன்றோ அது கீழே இருப்பவரை நோக்கி மட்டுமே சொல்லப்படுகிற சொல். அதைச் சொன்ன பிறகு வாதம் எதுவும் தேவைப்படுவதில்லை. தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

அரசு மக்களுக்குக் கொடுப்பதை நம் நாட்டில் எத்தனை பெயரால் அழைக்கிறார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். தமிழகத்தில் 2006-இல் வந்தது ‘இலவச’ வண்ணத் தொலைக்காட்சி. 2011-இல் ஆட்சி மாறியபோது மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. ஆனால் ‘இலவசம்’ என்ற சொல் போய், ‘விலையில்லா’ என்ற சொல் வந்தது. பொருள் ஒன்றுதானே என்று சிலர் நகைத்தார்கள். ஒன்றுதான், ஆனாலும் ஒன்றல்ல. இலவசம் என்றால் வாங்குகிறவர் கை தெரிகிறது. விலையில்லாதது என்றால் பொருள் மட்டும் தெரிகிறது, கை மறைந்துவிடுகிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு வந்தது ‘கட்டணமில்லா’ப் பயணம். 2023 செப்டம்பர் 15 அன்று ஏறத்தாழ ஒரு கோடியே ஆறு இலட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, அதற்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர். உதவி என்ற சொல்லையே அது ஒதுக்கிவிட்டது. வீட்டில் ஊதியமின்றி உழைக்கும் பெண்ணுக்குச் சேர வேண்டியது இது என்பது அந்தப் பெயருக்குள் இருக்கும் வாதம்.

மற்ற மாநிலங்களில் உறவுமுறை சொல்லி அழைத்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் 2023-இல் ‘செல்லச் சகோதரி’ என்ற பொருளில் ‘லாட்லி பெஹ்னா’. மகாராஷ்டிரத்தில் 2024-இல் ‘என் செல்லச் சகோதரி’. மேற்கு வங்கத்தில் 2021-இல் இலட்சுமியின் பெயர், கர்நாடகத்தில் 2023-இல் வீட்டுக்கு இலட்சுமி. பீகாரில் 2025 செப்டம்பரில் வந்த அந்தப் பத்தாயிரம் ரூபாயின் பெயரில் இருப்பது ‘வேலைவாய்ப்பு’. விவசாயிகளுக்கு 2019 முதல் மத்திய அரசு ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் வழங்கிய திட்டத்தின் பெயரில் இருப்பது ‘சம்மான்’, அதாவது மரியாதை. சகோதரி என்று அழைக்கப்பட்டவளுக்கு அண்ணன் ஒருவன் இருக்க வேண்டும், அவன் முகம் சுவரொட்டியில் இருக்கும். உரிமை என்றால் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் சுவரொட்டி இல்லாமல் போய்விடவில்லை என்பதை எந்தக் கட்சிக்கும் சாராமல் சொல்லி வைப்போம்.

இதே காலத்தில் எதிர்ப்பக்கத்துச் சொற்களும் வளர்ந்தன. 2022 ஜூலை 16 அன்று உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச்சாலையைத் திறந்துவைத்த பிரதமர், இலவசங்கள் கொடுத்து வாக்குப் பெறுவதை ‘ரேவ்டி’ கலாச்சாரம் என்று சாடினார். ரேவ்டி என்பது எள்ளும் வெல்லமும் சேர்ந்த மிட்டாய். அது கூட்டத்தில் வாரி இறைக்கப்படுவது, கண்டவன் பொறுக்கிக்கொள்வது. செல்லச் சகோதரிக்கான திட்டங்களை நடத்திய அரசுகளில் அவருடைய கட்சியும் இருந்தது. அப்போது யாரும் அதை மிட்டாய் என்று சொல்லவில்லை. இங்கே தமிழகத்திலோ, திட்டத்தைக் கொண்டுவந்த ஆட்சியைச் சேர்ந்த ஓர் அமைச்சரே 2022-இல் மேடையில் பெண்களைப் பார்த்து ‘ஓசி’யில் போகிறீர்கள் என்று பேசப்போய்ப் பெரும் சர்ச்சையானது. அரசாணையில் ‘கட்டணமில்லா’ என்று எழுதியவர்களின் நாவில் வேறு சொல் இருந்தது. நம் நாவிலும் அதுவே இருந்தது.

பிறகு 2025 பிப்ரவரி 12. நகரங்களில் வீடற்றோருக்கான தங்குமிடம் பற்றிய ஒரு வழக்கின் விசாரணையின்போது, உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று இலவசங்களைக் கடிந்து, ஒட்டுண்ணிகளின் வகுப்பு ஒன்றை நாம் உருவாக்குகிறோம் அல்லவா என்று கேட்டது. நேர்மையாகச் சொன்னால், வீடற்றோரை நாட்டின் பொதுவாழ்வோடு இணைப்பது மேலானது என்பதே நீதிபதிகள் சொல்ல வந்த கருத்து. அது தீர்ப்பின் பகுதியும் அல்ல, வாய்மொழிக் கருத்துதான். ஆனாலும் நடைபாதையில் படுத்திருக்கிறவனைப் பற்றிய வழக்கில் ‘ஒட்டுண்ணி’ என்ற சொல் உள்ளே வந்துவிட்டது. மறுநாள் செய்தித்தாள்களில் நின்றது அந்தச் சொல்தான். தங்குமிடங்கள் எத்தனை இருக்கின்றன, எத்தனை தேவை என்பது உள்பக்கத்துக்குப் போய்விட்டது.

இன்னொரு வகைக் கொடையும் உண்டு. 2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான வருமான வரி விகிதம் 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதனால் அரசு ஆண்டுக்கு இழக்கும் வருவாய் 1.45 இலட்சம் கோடி ரூபாய் என்று நிதியமைச்சகமே சொன்னது. 2020 முதல் பதினான்கு தொழில்துறைகளுக்கு அறிவிக்கப்பட்ட உற்பத்தி சார்ந்த உதவியின் மதிப்பு ஏறத்தாழ 1.97 இலட்சம் கோடி. இவற்றின் பெயர் ‘ஊக்கம்’, ‘ஊக்கத்தொகை’. இவை தேவைதானா இல்லையா என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லட்டும். தொழில் வளர்ந்தால் வேலை பெருகும் என்ற வாதத்தில் நியாயமும் இருக்கலாம். நம் கேள்வி சிறியது. பணக்காரருக்குக் கொடுத்தால் அவர் ஊக்கம் பெற்று உழைப்பார், ஏழைக்குக் கொடுத்தால் அவர் சோம்பேறியாவார் என்று மனித இயல்பைப் பற்றி இரண்டு வேறு நம்பிக்கைகள் நமக்குள் எப்படிச் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன? அவற்றை நாம் ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு சொற்களோடு சேர்ந்து அவை வந்து குடியேறிவிட்டன.

சொற்கள் மேடையில் நின்றுவிட்டால் கவலையில்லை. வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. அன்பியக் கூட்டம் ஒன்றில் ஒரு சகோதரி சொன்னதை மறக்க முடியவில்லை. மாதம் அந்த ஆயிரம் ரூபாய் வந்ததும் கணவர், "உனக்குத்தான் சும்மா வருதே, அதுல கேஸுக்குக் கொடு" என்பாராம். அவர் தரும் வீட்டுச் செலவு அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. ‘உரிமை’ என்று கோட்டையிலிருந்து புறப்பட்ட பணம், வீட்டு வாசலில் ‘சும்மா’ ஆகிவிட்டது. இதைவிட வருத்தம் தந்தது அந்தச் சகோதரியே தொடர்ந்து சொன்னது: "அவர் சொல்றதும் சரிதானே ஃபாதர், நான் வீட்ல சும்மாதானே இருக்கேன்." காலை நான்கரைக்கு எழுந்து இரவு பத்தரைக்குப் படுக்கிறவர் அவர். ‘சும்மா’ என்ற சொல்லை வைத்துத் தம்முடைய வாழ்நாளை அளந்து முடித்திருந்தார்.

இந்தக் காரியத்தில் கத்தோலிக்கர்களாகிய நமக்குத் தனியான ஒரு காயம் உண்டு. நம் பெற்றோர் காலத்தில் அமெரிக்கப் பால்பவுடரும் கோதுமையும் பங்குகள் வழியாக வழங்கப்பட்டன. அவற்றை வாங்கியவர்களை ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்று ஊர் ஏசியது. 2002 அக்டோபரில் தமிழகத்தில் கொண்டுவரப்பட்டு, 2004-இல் கைவிடப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தில் ‘ஆசை காட்டுதல்’ ஒரு குற்றமாக இருந்தது. அன்பளிப்பும் பொருளுதவியும் அதற்குள் அடங்கின. உத்தரப் பிரதேசத்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சமய அமைப்பு நடத்தும் பெயர்பெற்ற பள்ளியில் இலவசக் கல்வி தருவதாகச் சொல்வதையும் ஆசை காட்டுதலின் இலக்கணத்தில் எழுதி வைத்தது. அரசு கொடுத்தால் மரியாதை, கன்னியர் மடம் கொடுத்தால் வலை! கொடுக்கிறவரின் உள்நோக்கம் பெயரிலேயே தீர்மானிக்கப்படுகிறது. வாங்குகிற தாயின் அறிவைப் பற்றியும் அங்கே ஒரு தீர்ப்பு இருக்கிறது: ஒரு சீருடைக்கும் ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் அவள் தன் நம்பிக்கையை விற்றுவிடுவாள் என்ற தீர்ப்பு. இதைக் கேட்டு நாம் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான்.

ஆனால் ‘ஆயிரம் ரூபாய்க்கு ஓட்டை விற்கிறார்கள்’ என்று அதே ஏழைத் தாயைப் பற்றி நாம் சொல்லும்போது, அதே தீர்ப்பைத்தானே எழுதுகிறோம்?

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் சொல்லாமல் போனால் பேச்சு பாதியாகிவிடும். குருமடத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நாம் உண்டோம், உறங்கினோம், படித்தோம். மெய்யியலும் இறையியலும் மட்டுமல்ல, மேற்சொன்ன பேச்சுக்கலை ஆய்வும் அதில் அடக்கம். நம் தகப்பனார் அதற்குக் கொடுத்தது மிகச் சொற்பம். மீதி மறைமாவட்டத்திலிருந்து வந்தது, முகம் தெரியாத வெளிநாட்டு விசுவாசிகளிடமிருந்தும் வந்தது. மறைபரப்பு நாடுகளின் குருமாணவர்களுக்கு உதவவென்றே 1889-இல் பிரான்சில் ஒரு தாயும் மகளும் தொடங்கிய புனித பேதுரு சங்கம் போன்றவை வழியாகவும் இப்படிப்பட்ட உதவி வருவதுண்டு. அந்தப் பணத்துக்கு ‘இறையழைத்தல் நிதி’ என்று பெயர். கொடுத்தவர்களுக்கு ‘உபகாரிகள்’ என்று பெயர். அவர்களுக்காக மாலைதோறும் செபித்தோம். நம்மை ‘பயனாளிகள்’ என்று யாரும் அழைக்கவில்லை. ‘ஓசிச் சாப்பாடு’ என்று யாராவது சொல்லியிருந்தால் அதிபர் தந்தை அவரை வாயிலுக்கு வெளியே அனுப்பியிருப்பார். பத்தாண்டுச் சோறு நம்மைச் சோம்பேறியாக்கும் என்று எவரும் அஞ்சவில்லை. அழைக்கப்பட்டவன் என்று சொன்னார்கள், அழைக்கப்பட்டவனாகவே நம்மை எண்ணிக்கொண்டோம். கீரை விற்கும் அந்த அம்மாவுக்கு அரசு கொடுத்தது சில ரூபாய்ப் பயணச்சீட்டு. அதற்கு நாம் வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும்.

இதற்குப் பொருள், இலவசத் திட்டங்களைப் பற்றிக் கேள்வியே கேட்கக்கூடாது என்பதல்ல. கடன் வாங்கிக் கொடுத்தால் அடைப்பது யார்? பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டியது வாக்குக்காகத் திசைமாறுகிறதா? கேட்க வேண்டிய கேள்விகள் இவை. 2013 ஜூலையில் தமிழகத் தொலைக்காட்சித் திட்டம் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று கூறிய அதே வேளையில், அவை வாக்காளரைப் பாதிக்கின்றன என்பதையும் ஒப்புக்கொண்டு, வழிமுறைகளை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டது. மதுவைப் பற்றியும் கேட்க வேண்டும். 2022-23-இல் தமிழகத்தில் மது விற்பனை வழியாக அரசுக்கு வந்தது ஏறத்தாழ 44,000 கோடி ரூபாய். ஒரு கோடிப் பெண்களுக்கு ஆண்டு முழுதும் மாதம் ஆயிரம் கொடுத்தாலும் அது 12,000 கோடிதான். மனைவியின் கணக்கில் விழுவதைப்போல் பல மடங்கு கணவரின் சட்டைப்பையிலிருந்து போகிறது. இதையும் சொல்லின் கண்கொண்டு பாருங்கள்: அந்தக் கடைகளை நடத்தும் கழகத்தின் முழுப் பெயர் ‘தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம்’. மது என்ற சொல்லே அதில் இல்லை!

திருச்சபைக்கு இதில் பழைய போதனை ஒன்று உண்டு. மிலான் நகர ஆயர் புனித அம்புரோஸ், நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிப் பேசுகையில், ஏழைக்குக் கொடுக்கும் செல்வர் தம்முடையதைக் கொடுக்கவில்லை, ஏழைக்கு உரியதைத் திருப்பித் தருகிறார் என்ற கருத்தை முன்வைத்தார். 1967-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ‘மக்கள் முன்னேற்றம்’ பற்றிய சுற்றுமடலில் அதை எடுத்தாண்டார். நீதியின்படி கொடுக்க வேண்டியதை அன்பளிப்பைப்போல் கொடுக்கலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் பொதுநிலையினரின் பணி பற்றிய ஏட்டில் எச்சரித்தது. அதாவது பெயரை மாற்றி வைக்கக்கூடாது என்று. 2025 அக்டோபரில் திருத்தந்தை பதினான்காம் லியோ வெளியிட்ட ‘தீலெக்சி தே’ என்னும் திருத்தூது ஊக்கவுரை இதை இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறது. உழைக்க விரும்பாத ஏழைகளும் இருக்கலாம் என்பதை அது மறைக்கவில்லை. ஆனால் விடியல் முதல் இருட்டும்வரை உழைத்தும் மீள முடியாதவர்கள் எத்தனையோ பேர் என்றும், வறுமையை ஏழைகளின் சொந்தத் தேர்வாகப் பேசுவது குருட்டுத்தனமும் கொடுமையும் ஆகும் என்றும் கூறுகிறது. அந்த மடல் வெளிவந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை, நாம் அந்த மறையுரையை ஆற்றியபோது. மடலை நாம் படித்துமிருந்தோம்!

அம்புரோசின் மறையுரைகளைக் கேட்க வந்தவர்களில் ஒருவர் அகுஸ்தீன். 384-இல் மிலானில் பேச்சுக்கலை ஆசிரியராக நியமிக்கப்பட்டவர். பேரரசரைப் புகழ்ந்து பேச வேண்டியிருந்தது, அதில் பொய்கள் இருக்கும், பொய்யென்று அறிந்தவர்களும் கைதட்டுவார்கள் என்று பிற்காலத்தில் வெட்கத்தோடு நினைவுகூர்ந்தார். முதலில் அவர் அம்புரோசிடம் போனதும் அவர் எப்படிப் பேசுகிறார் என்று எடைபோடத்தான். பேச்சின் நயத்தை ஆராயப் போனவருடைய உள்ளத்துக்குள் பேச்சின் பொருளும் நுழைந்துவிட்டது. பேச்சை அலசத் தெரிந்தவர்களுக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. எதைக் கேட்டாலும் ‘இது தந்திரம், இது நாடகம்’ என்று பிரித்துப்போட்டுவிட்டு, எதற்கும் கட்டுப்படாமல் வெளியே நின்றுகொள்வது. வாட்ஸ்அப்பில் நாள்தோறும் பார்க்கிறோமே, எதிர்க்கட்சித் தலைவரின் பேச்சிலுள்ள ஏமாற்றை வரிவரியாக எடுத்துக்காட்டுகிற நம் இளைஞர்கள், தங்களுக்குப் பிடித்த தலைவரின் பேச்சை அப்படியே மற்றவர்க்கு அனுப்பிவைப்பதை.

தாவீது அரசர் அடுத்தவர் வழக்கில் சிறந்த நீதிபதி. இறைவாக்கினர் நாத்தான், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்துச் சமைத்த கதையைச் சொன்னபோது, கேட்ட நொடியில் கொதித்தெழுந்து தண்டனை சொன்னார். தீர்ப்பு சரியானதுதான். அது யாரைப் பற்றியது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. லூக்கா நற்செய்தியில் வரும் மூத்த மகனையும் நினைத்துக்கொள்ளுங்கள். தந்தையிடம் பேசும்போது ‘தம்பி’ என்ற சொல் அவன் வாயில் வரவில்லை, ‘உம் மகன்’ என்கிறான். தந்தை வாதாடவில்லை. பதில் சொல்லும்போது ‘உன் தம்பி’ என்று அந்த ஒரு சொல்லை மட்டும் அவனிடம் திருப்பிக் கொடுக்கிறார். அவன் வீட்டுக்குள் வந்தானா என்று நற்செய்தி சொல்லவில்லை.

அடுத்து நடந்த பங்குப் பேரவையில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான சேலை, வேட்டி வழங்கும் திட்டம் பேச்சுக்கு வந்தது. ஆண்டுதோறும் ‘பயனாளிகள் பட்டியல்’ என்று தலைப்பிட்டுப் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது வழக்கம். வழங்கும்போது நிழற்படமும் எடுத்து மறைமாவட்ட இதழுக்கு அனுப்புவோம். இந்த முறை பட்டியலும் வேண்டாம், படமும் வேண்டாம் என்றோம். கணக்குக் காட்ட வேண்டாமா என்று பொருளாளர் கேட்டார். கேள்வி நியாயமானது. கொடுத்தவர்கள் தங்கள் பெயரைப் பார்க்க விரும்புவார்களே என்றார் இன்னொருவர். அதுவும் உண்மைதான். ஒன்றரை மணி நேரம் பேசினோம். பட்டியல் பலகையில் ஒட்டப்படவில்லை. படம் மட்டும், முகம் தெரியாமல், ஒன்று எடுத்தார்கள். இந்த ஆண்டு மறுபடியும் பேச வேண்டியிருக்கும்.

சனவரி மாதத்தில் ஒரு காலை அந்தக் கீரைக்கார அம்மா பங்கு இல்லத்துக்கு வந்தார். கணவரின் நினைவு நாளுக்குப் பூசைக் கருத்து எழுத வேண்டும் என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த நூறு ரூபாய்த் தாளை மேசையில் வைத்தார். "இருக்கட்டும்மா, நான் வச்சிடுறேன்" என்றோம்.

"வாங்கிக்குங்க சாமி" என்றார். "இது ஒண்ணும் ஓசி இல்லையே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாமும் சிரித்தோம். தாளை வாங்கிக்கொண்டு, கருத்துப் புத்தகத்தில் அவர் கணவரின் பெயரை எழுதி, ரசீது கிழித்துக் கொடுத்தோம். ரசீதைப் பிரித்துப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்பதே காலுக்குப் பஸ் இருக்கிறது என்று விடைபெற்றார்.